பதினோராவது மைல்

சரியாகப் பதினோராவது மைலில் நின்றுவிடும்.
பத்தில் நின்றதில்லை, பன்னிரண்டைப் பார்த்ததில்லை.
இன்வர்கார்கிலில் கிளம்பினால் கிரீன்ஹில்ஸ் பக்கம்,
வேலிக்கம்பியில் ஆட்டு ரோமம் சிக்கிப் படபடக்கும் இடத்தில்
ஒரு இருமல், இன்னொரு இருமல்,
பிறகு காற்றின் சத்தம் மட்டும்.

அறுபத்தாறாம் வருஷத்து ட்ரையம்ப் ஹெரால்ட்.
கூரையை மடக்கலாம்.
இந்த ஊரில் மடக்க முடிகிற நாட்கள்
வருஷத்துக்கு ஒன்பது, எண்ணி வைத்திருக்கிறேன்.
மற்ற நாட்களில் இடது தையல் வழியே
மழை என் முழங்காலில் சொட்டும்.
அதற்கு மெழுகு உண்டு, பாய்மரம் தைக்கிற ஊசி உண்டு.
அது தெரிந்த வலி.

இதற்கு முதலில் பாயின்ட்டைச் சந்தேகப்பட்டேன்.
பிறகு கண்டென்சரை.
பிறகு காயிலை, அந்தக் காசில் ஒரு பல் கட்டியிருக்கலாம்.
சமையல் மேசையில் கார்புரேட்டரைப் பிரித்துப் பரப்பி
ஜெட்டின் துவாரத்தை வாயால் ஊதினேன்.
மூன்று நாள் ரொட்டியும் பெட்ரோல், தேநீரும் பெட்ரோல்.

நின்றதும் பானெட்டைத் தூக்கினால்
பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணம் காலி.
டாங்க்கில் இருக்கிறது. கிண்ணத்தில் இல்லை.
நடுவில் யாரோ குடிக்கிறார்கள்.
பம்ப்பை மாற்றினேன்.
குழாயில் சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தேன்.
ஒரு செத்த சிலந்தி வந்தது, அவ்வளவுதான்.

முள் பொய் சொல்கிற வண்டி.
அதனால் நின்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும்
பின்னால் போய் மூடியைத் திறந்து
பின்னல் ஊசியை விட்டு அளந்து பார்ப்பேன்.
பாதி டாங்க் இருக்கும்.
திரும்ப வந்து சாவியைத் திருகினால்
ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

சூடுதான் என்று முடிவு கட்டினேன்.
ஜூன் மாதம், புல்லில் உறைபனி, ஆனாலும் சூடு.
பெட்ரோல் குழாய் நெடுக
பதினேழு மரக் கிளிப்புகளை மாட்டினேன்.
துணி காயப்போட நாலு மிச்சம்.
'வித்துத் தொலை' என்றான் தம்பி லாக்லன்
கொடியைப் பார்த்துவிட்டு.

பராயிரேயின் வேன் பேட்டரி செத்த காலையில்தான் அது.
பக்கத்து வீட்டுக்காரர், ப்ளஃபில் சிப்பி உடைக்கிறவர்,
ஏழு மணி ஷிஃப்ட்.
ரப்பர் பூட்ஸோடு ஏறினார், வழியெல்லாம்
மைத்துனரின் விவாகரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்.
பதினோராவது மைல்.
இருமல்.
'நீ உக்காரு, ஊசியைக் குடு' என்று இறங்கினார்.

நான் எப்போதும் வெளியே, காற்றுக்குள் நின்றே திறந்திருக்கிறேன்.
இன்றுதான் உள்ளே, கண்ணாடி ஏற்றி, என்ஜின் அணைந்து.
அதனால்தான் கேட்டது:
ஸ்ஸ்ஸ்ஸ்.

'உன் டாங்க் பெருமூச்சு விடுது' என்றார்.
விடவில்லை. இழுத்தது.

பதினோரு மைல் தூரம்
ஒரு வாய்க் காற்றில்லாமல் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது.
மார்ச்சில் நானே வாங்கிய மூடி,
பளபளப்பான குரோமியம்,
எங்கேயும் ஓட்டையில்லை.
பழைய துருப்பிடித்த மூடியில் ஒரு ஊசிமுனைத் துளை இருந்தது.
பழுது என்று நினைத்து மாற்றினேன்.
வேலியில் போன ஓணானை
ரசீதோடு வாங்கி மடியில் கட்டியிருக்கிறேன்.

சொன்னேன். பராயிரே சிரிக்கவில்லை.
'ஏழாகப் போகுது' என்றார்.
மூடியை அரைத் திருகில் விட்டு
மேலே அவருடைய கையுறை ஒன்றைச் சுற்றிக் கட்டினோம்.

பன்னிரண்டாவது மைலில் விசேஷமாக ஒன்றும் இல்லை.
ஒரு தபால்பெட்டி. வாத்துகள்.
தண்ணீருக்கு அப்பால் அலுமினிய ஆலையின் புகைபோக்கி.
வேகத்தைக் குறைத்து எல்லாவற்றையும் பார்த்தேன்.
'ஏன் மெதுவா போற?' என்றார்.

பழைய மூடி பொத்தான் டப்பாவில் கிடைத்தது.
இப்போது வண்டியில் உள்ளதெல்லாம் புதிது,
நோயே இல்லாத உறுப்புகள்.
லாக்லனிடம் பம்ப் என்று சொல்லியிருக்கிறேன்.
கிளிப்புகளைக் கழற்றவில்லை.
மேட்டில் ஏறும்போது பதினேழும் பல்லைக் கடிக்கின்றன,
முழங்காலில் மழை சொட்டுகிறது.